பாதி அல்வாக் குறிப்பும் முடியாத தொடர்கதையும்

பதினான்காவது வாரப் பக்கத்தைத் திருப்பியபோதுதான் அதைப் பார்த்தேன். "திருநெல்வேலி அல்வா. தேவையானவை: சம்பா கோதுமை கால் கிலோ, சீனி முக்கால் கிலோ, நெய்" என்று அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே தாளே இல்லை. நெய் எவ்வளவு என்று சொல்வதற்குள் கத்தரிக்கோல் குறுக்கே போயிருந்தது.

வெட்டியது அம்மா. 1984இல், பாளையங்கோட்டையில், பத்தொன்பது வயதில். அவளுக்கு வேண்டியிருந்தது முன்பக்கத்துத் தொடர்கதை. தெருவில் மூன்று வீடுகள் சேர்ந்து ஒரு வார இதழ் வாங்குவார்கள். கடைசியாகப் படிக்கிற வீட்டுக்கு இதழ் சொந்தம். அந்தக் கடைசி வீடாக இருப்பதற்காகவே அம்மா ஒவ்வொரு வாரமும் நான்கு நாள் பொறுத்திருப்பாளாம். பிறகு தொடர்கதைப் பக்கங்களை மட்டும் வெட்டி எடுத்து அரிசி டின்மேல் அடுக்கி வைப்பது, கதை முடிந்ததும் தைத்து அட்டை போடுவது. அன்றைக்கு எத்தனையோ வீடுகளில் புத்தகம் இப்படித்தான் உருவானது. காசு கொடுத்து நாவல் வாங்குகிற பழக்கம் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு வாய்த்தது வெகு காலம் கழித்துத்தான்.

சென்ற ஏப்ரலில் அம்மா எங்களோடு சேலையூருக்குக் குடிவந்தபோது அந்தக் கட்டும் பெட்டியோடு வந்தது. 31 வாரங்கள், 62 தாள்கள். முதுகில் தடவியிருந்த மைதாப் பசையை ராமபாணப் பூச்சி தின்று தீர்த்திருந்தது. நூல் மூன்று இடங்களில் அறுந்திருந்தது. பத்துப் பன்னிரண்டு தாள்களில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, சுற்றிலும் காபிக் கறை போலப் பரவியிருந்தது. நான் ஆறாம் வகுப்புப் படிக்கையில் ஆசையாக ஒட்டிய செலோடேப், மஞ்சளாகி, பிளாஸ்டிக் தனியாகப் பசை தனியாகப் பிரிந்து கிடந்தது. இதைத் திரும்பக் கட்டுவது என்று முடிவு செய்தேன். அல்வாக் குறிப்பைப் பார்த்த பிறகு அதையும் செய்து பார்ப்பது என்று ஆயிற்று. மே மாதத்துச் சனி ஞாயிறுகளில் இரண்டும் ஒன்றாகவே நடந்தன. அதனால் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் பிரிக்கும் வேலை. பழைய நூலைச் சின்னக் கத்தரியால் துண்டு துண்டாக வெட்டி எடுத்தேன். இழுத்தால் தாள் கிழியும். துருப்பிடித்த பின்களின் கால்களைப் பின்பக்கம் நிமிர்த்தி, பிறகு முன்பக்கமிருந்து தூக்க வேண்டும். செலோடேப்புக்கு ஹேர் டிரையர் உதவியது. குறைந்த சூட்டில், அரை அடி தள்ளிப் பிடித்தால் பசை இளகுகிறது. அப்போது ஒரு முனையைத் தூக்கி, தாளோடு ஒட்டியபடியே மெதுவாகப் பின்னோக்கி உரிக்க வேண்டும். கறை போகவில்லை. அது போகாது என்று தெரிந்துகொண்டு விட்டுவிட்டேன்.

வார இதழ் அச்சாகும் தாள் மலிவானது. மரத்தை அரைத்துச் செய்யும் கூழில், மர நாரை இறுக்கிப் பிடிக்கும் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கிவிடுகிறது. வெளிச்சமும் காற்றும் பட அது பழுப்பாகிறது, தாளுக்குள் அமிலம் சேர்ந்து நார் நொறுங்குகிறது. அம்மாவின் கட்டு நாற்பது வருடம் மூடிய பெட்டியில் இருந்ததால் ஓரங்கள் மட்டுமே தேன் நிறம். நடுப்பகுதி இன்னும் வெளுப்பாகத்தான் இருக்கிறது.

ஒவ்வொரு தாளையும் மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டும்போது படிக்காமல் இருக்க முடியவில்லை. ஒரு தாளுக்கு இரண்டு நிமிடம் என்று போட்ட கணக்கு பத்து நிமிடமாக நீண்டது. கதை இதுதான்: அப்பா இல்லாத பெண், சுருக்கெழுத்துப் பரீட்சை பாஸ் செய்து, சென்னையில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலைக்குச் சேர்கிறாள். முதலாளியின் மகன் கோபக்காரன். முதல் நாளே லிஃப்டில் ஒரு தகராறு. பிறகு ஒரு கடிதம் கை மாறிப் போகிறது, ஒரு சந்தேகம் வருகிறது, அவள் வேலையை ராஜினாமா செய்துவிட்டு ஊருக்கு ரயில் ஏறுகிறாள்.

இந்த மாதிரிக் காதல் கதைகளை 'பொம்பளைங்க படிக்கிறது' என்று ஒதுக்குகிற பேச்சு எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. எங்கள் பகுதியில் ஒரு வாடகை நூலகம் இருந்தது. ரமணிச்சந்திரன் அலமாரி எப்போது போனாலும் பாதி காலியாக இருக்கும். நூற்றுக்கும் அதிகமான நாவல்கள் எழுதியவர். அத்தனையும் கையிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். சமையல் முடித்து, பாத்திரம் கழுவி, பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கு முன் கிடைக்கிற ஒன்றரை மணி நேரத்தில் அதைப் படித்தவர்கள் எங்கள் தெருப் பெண்கள். அந்த நேரத்துக்குத் தேவையான அளவில், தேவையான இனிப்பில் ஒன்றைச் செய்து கொடுப்பது பெரிய கைவேலை. அம்மாவின் தொடரில் ஒவ்வொரு வாரமும் எங்கே நிற்கிறது என்று கவனித்துப் பார்த்தேன். கதவு தட்டப்படுகிறது, தொடரும். கடிதத்தைப் பிரிக்கிறாள், தொடரும். ஒரு வாரம் வெறுமனே, அவன் அவள் பெயரை முதன்முதலாகப் பெயராகவே சொல்லிக் கூப்பிடுகிறான், தொடரும். அந்த வாரத்துத் தாளின் ஓரத்தில் அம்மா பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறாள்.

குறை இல்லாமல் இல்லை. கதாநாயகன் சந்தேகப்படுவதையும் அதட்டுவதையும் அன்பின் அடையாளமாக எழுதியிருப்பது இப்போது படிக்கக் கசக்கிறது. 23ஆம் வாரத்தில் அவன் அவள் கையை முறுக்குகிறான். 24இல் அவளே மன்னிப்புக் கேட்கிறாள். அம்மாவிடம் சொன்னேன். "அப்பவே எனக்குப் பிடிக்கலட்டி. அந்த வாரம் வெட்டவா வேண்டாமான்னு யோசிச்சேன்" என்றாள். ஆனால் அதே கதையில் அந்தப் பெண் சம்பளம் வாங்குகிறாள், விடுதியில் தனியாகத் தங்குகிறாள், தம்பியின் காலேஜ் ஃபீஸைக் கட்டுகிறாள், வேலையைத் தானே விடுகிறாள். பாளையங்கோட்டையில் தாவணி போட்டுக்கொண்டு அரிசி டின்மேல் தாள் அடுக்கிய பெண்ணுக்கு அதுவும் சேர்ந்துதான் போய்ச் சேர்ந்திருக்கிறது. அம்மா அடுத்த வருடமே டைப்ரைட்டிங் லோயர் எழுதினாள்.

31ஆம் வாரத்தின் கடைசி வரிக்குக் கீழே கட்டம் போட்டு அச்சிட்டிருந்தார்கள்: "அடுத்த இதழில் முடியும்." அந்த அடுத்த இதழ்தான் கட்டில் இல்லை. அந்த வாரம் பெரியம்மாவின் கல்யாணம். வீடு முழுக்க உறவு. இதழ் வந்தது, அம்மா படித்தாள், ஆனால் வெட்டுவதற்குள் யாரோ அதில் முறுக்கு சுற்றிக் கொடுத்தனுப்பிவிட்டார்கள்.

சரி, அல்வாவுக்கு வருகிறேன்.

முதல் முறை கால் கிலோ சம்பா கோதுமையை வெள்ளிக்கிழமை இரவு ஊறப்போட்டு, ஞாயிறு காலைதான் எடுத்தேன். நடுவில் தண்ணீர் மாற்றவில்லை. மே மாதச் சென்னையில் அது புளித்துப் போய், அரைக்கும்போதே கள் வாடை வந்தது. அடுப்பில் ஏற்றாமலே கொட்டினேன். வெயில் காலத்தில் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் போதும். அதற்குள்ளும் இரண்டு முறை தண்ணீர் மாற்ற வேண்டும்.

இரண்டாம் முறை ஊறல் சரி. கிரைண்டரில் தண்ணீர் தெளித்து அரைத்து, வெள்ளை வேட்டித் துணியில் பிழிந்து, மூன்று முறை பால் எடுத்தேன். மூன்றாவது பிழிதலில் சக்கை ரப்பர் மாதிரி இழுபடும். அது கோதுமையின் பசைப்புரதம், குளுட்டன். பெரும்பகுதி சக்கையோடு தங்கிவிடும். பாலில் இறங்குவது ஏறக்குறைய முழுக்க மாவுச்சத்து. ஆறு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் சுண்ணாம்பு மாதிரி படியும், மேலே மஞ்சள் தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீரை இறுத்துவிட்டுக் கெட்டிப் பாலை மட்டும் எடுத்துக்கொண்டேன். இதுவரை எல்லாம் நன்றாகப் போனது. பிறகு, நேரம் மிச்சமாகட்டும் என்று சீனியையும் பாலையும் ஒன்றாகக் கரைத்து வாணலியில் ஊற்றினேன். ஒன்றேகால் மணி நேரம் கிண்டியும் இறுகவே இல்லை. கடைசியில் இறுகியபோது நாக்கில் மாவு ருசி. நெய்யை ஊற்ற ஊற்றப் பக்கவாட்டில் நின்றதே ஒழிய உள்ளே போகவில்லை.

இதற்குக் காரணம் இருக்கிறது. மாவுச்சத்தின் துகள்கள் சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பி உடைந்தால்தான் அந்தக் கண்ணாடிப் பதம் வரும். சீனி தண்ணீரைத் தன் பக்கம் பிடித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே சீனி முதலில் போனால் மாவு வேகத் தண்ணீர் போதாது, வேகும் சூடும் ஏறிவிடுகிறது. முதலில் பால் தனியாக வெந்து கஞ்சியாகி, வெள்ளை போய், ஊடுருவிப் பார்க்கிற மாதிரி ஆக வேண்டும். சீனி அதற்கப்புறம்தான். அம்மா இதைக் கேட்டுவிட்டு, "கஞ்சி வெந்த பொறவு சீனி போடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்லா" என்றாள். கேட்டிருக்க வேண்டும்தான். அவளுக்கு அல்வாவே தெரியாது, எப்போதும் கடையில்தான் வாங்குவார்கள் என்று நானாக நினைத்திருந்தேன்.

அந்த ஞாயிறு கையில் மிஞ்சியது ஒரே ஒரு நல்ல பொருள்: தனியாக எடுத்து வைத்திருந்த மூன்றாம் பால், அரை டம்ளர்.

இந்தப் பக்கம் புத்தக வேலையில் நான் பசையில் மாட்டிக்கொண்டிருந்தேன். பைண்டிங் பொருட்கள் விற்கும் கடையில் மைதாவைக் காய்ச்சி மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) ஒரு சிட்டிகை போடச் சொன்னார்கள், பூச்சி வராது. பைண்டர்கள் வழிவழியாகச் செய்வதுதான். ஆனால் துத்தம் விஷம், செம்புச் சத்து நாள்பட்டால் தாளையும் அரிக்கும், என் அடுப்பிலோ அல்வா நடந்துகொண்டிருக்கிறது. வேண்டாம் என்று விட்டேன். வெள்ளைக் கோந்தும் வேண்டாம். காய்ந்தால் அது தண்ணீரில் இளகாது, இன்னும் நாற்பது வருடம் கழித்து யாராவது இதைப் பிரிக்க நினைத்தால் தாளோடு பிய்ந்து வரும். துத்தம் இல்லாத வெறும் மைதாப் பசையோ கட்டி கட்டியாக, பிரஷ்ஷில் சளி மாதிரி இழுபட்டது.

இழுபடுவதற்குக் காரணம் மைதாவில் இருக்கும் அதே குளுட்டன். பழைய தாள்களைப் பாதுகாக்கிறவர்கள் அதை நீக்கிய கோதுமை மாவுச்சத்தைக் காய்ச்சித்தான் பசை செய்கிறார்கள். அதுதான் என் ஃபிரிட்ஜில் அரை டம்ளர் இருக்கிறதே! படிந்த பால் ஒரு கரண்டிக்குத் தண்ணீர் நான்கு கரண்டி விட்டு, சிறு தீயில் இருபது நிமிடம் கிண்டி, வெள்ளை மறைந்து பளபளப்பு வந்ததும் இறக்கி, ஆறியதும் வடிகட்டினேன். வெண்ணெய் மாதிரி ஒரே சீராக வந்தது. அல்வாவுக்குச் செய்ய வேண்டியிருந்த முதல் பாதி வேலை இதுதான். அடுப்பில் தவறியதை அந்த வாரம் பசைச் சட்டியில் சரியாகச் செய்தேன். ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள்தான் தாங்கும், அதற்குமேல் புளிக்கும். ஆகவே கொஞ்சமாகக் காய்ச்சிக்கொள்வது நல்லது.

கிழிசல்களுக்கு, கோசோ என்ற மரப்பட்டை நாரில் செய்த ஜப்பானிய மெல்லிய தாளை ஆன்லைனில் வாங்கியிருந்தேன். அதைக் கத்தரியால் வெட்டக் கூடாது. ஈரக் கோடு போட்டுக் கையால் பிரித்தால் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டிருக்கும். அந்த நார்தான் பிடிக்கும். பசை தடவி ஒட்டி, மேலே ஒரு பாலியெஸ்டர் துணி, மேலே மை ஒற்றும் தாள், அதன்மேல் கனம். காய்ந்த பிறகு எழுத்து அப்படியே தெரிகிறது. செலோடேப் எடுத்த இடங்களையெல்லாம் இப்படித்தான் சரிசெய்தேன். அல்வாக் குறிப்பு இருந்த தாளின் வெட்டுப்பட்ட அடிப்பக்கத்திலும் அந்த மெல்லிய தாளை ஒட்டி மற்றத் தாள்களின் உயரத்துக்குக் கொண்டு வந்தேன். நெய் என்ற சொல்லுக்குக் கீழே இப்போது வெறும் வெண்மை.

அடுத்த பிரச்சினை ஓரம். அம்மா எழுத்தை ஒட்டியே வெட்டியிருக்கிறாள். இடப்பக்கம் ஒன்பது மில்லிமீட்டர்கூட இல்லை. ஐந்து தாளை வைத்துத் தைத்துப் பார்த்தேன், வரிகளின் தொடக்கம் மடிப்புக்குள் போய்விட்டது. ஆகவே ஒவ்வொரு தாளின் உள்ளோரத்திலும் மெல்லிய தாளில் ஒரு பட்டி ஒட்டி, தையல் அந்தப் பட்டியில் மட்டும் விழும்படி செய்ய வேண்டியதாயிற்று. 62 பட்டிகள். இரண்டு வார இறுதிகள் இதற்கே போயின. எல்லாப் பட்டியையும் ஒரே அகலத்தில் ஒட்டினால் ஒட்டிய இடமெல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மேடாகும். அதனால் அகலத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொண்டேன். பிறகு குத்தூசியால் ஒரே இடைவெளியில் ஏழு துளை, மெழுகு தேய்த்த நூல், கோணி ஊசி. தையல் ஒரு மணி நேரத்தில் முடிந்தது.

நடுவில் ஒரு கல்யாணத்துக்காக நானும் அம்மாவும் திருநெல்வேலி போனோம். அல்வா எந்தப் பதத்தில் வர வேண்டும் என்று நாக்கில் ஏற்றிக்கொண்டு வருவதும் என் திட்டத்தில் இருந்தது.

நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடை. ராஜஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம் தொடங்கியது. சாயங்காலம்தான் திறக்கும், திறப்பதற்கு முன்பே வரிசை நிற்கும், சரக்கு தீர்ந்தால் அவ்வளவுதான். ஐம்பது கிராம் வாங்கி நின்றபடி சாப்பிட்டேன். அங்கே கவனித்தது மூன்று. ஒன்று, அதை யாரும் துண்டு போடுவதில்லை. கரண்டியில் அள்ளி வைக்கிறார்கள், வழுக்கிக்கொண்டு இறங்குகிறது. இரண்டு, மெல்ல வேண்டியதே இல்லை, ஆனால் கூழும் இல்லை. நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவே ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிறது. மூன்று, நிறம் பொடியில் வந்ததில்லை, சீனி கருகி வந்த பழுப்பு.

அல்வாவைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் உறுதியானது: அது சூடாக, கடை வாசலில், நின்றுகொண்டு சாப்பிட வேண்டிய பண்டம். பொட்டலத்தில் அடுத்த நாள் சென்னைக்கு வந்து சேர்வது வேறொரு இனிப்பு. நெய் உறைந்து, மேலே வெள்ளை படர்ந்து, வாசனை உள்ளே அடங்கிப் போயிருக்கும். சூடாக்கிச் சாப்பிட்டால் முக்கால்வாசி திரும்பி வரும், முழுசும் வராது. கையோடு ஒரு பிடி மிக்சரோ காராச்சேவோ வேண்டும். அந்தக் காரம் இல்லாமல் இரண்டாவது வாய்க்கு நாக்குத் தயாராவதில்லை. முந்திரி தூவுவது எனக்குச் சரியாகப் படவில்லை. வழுக்கிப் போகிற ஒன்றின் நடுவே பல்லுக்கு எதற்கு வேலை?

மறுநாள் பாளையங்கோட்டையில் ஒரு சின்ன மெஸ்ஸில் சொதி சாப்பிட்டோம். தேங்காய்ப் பாலில் பாசிப்பருப்பும் காய்களும், கடைசியில் எலுமிச்சை. கூட இஞ்சித் துவையல், உருளைக்கிழங்குப் பொரியல். எங்கள் பக்கத்தில் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்குப் போடுகிற விருந்து இது. மாப்பிள்ளைச் சொதி என்றே பெயர். அந்த மெஸ்ஸில் மூன்றாம் பாலில் பருப்பை வேகவைத்து, முதல் பாலைக் கடைசியில் விட்டுக் கொதிக்கவிடாமல் இறக்கியிருந்தார்கள். திரியாமல், தண்ணியாகவும் இல்லாமல் இருந்தது. இஞ்சித் துவையலில் வெல்லம் ஒரு துளி அதிகம். அதைச் சொன்னேன், பரிமாறிய அக்கா, "இங்க அப்படித்தான்மா கேப்பாங்க" என்று இன்னொரு கரண்டி வைத்தார். பெரிய ஹோட்டல்களில் சொதியோடு சப்பாத்தி தருகிறார்கள். சொதி சோற்றுக்கானது.

அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தி, "அந்தக் கதை இப்படித்தான்ட்டி முடியும். மறுவீட்டுச் சாப்பாட்டுல. அவன் சொதியில எலுமிச்சம்பழம் போதாதுன்னு சொல்லுவான், அவ சிரிப்பா" என்றாள். நான் நம்பினேன்.

திரும்பி வந்து மூன்றாம் முறை அல்வா. கெட்டிப் பால் இரண்டு டம்ளர். அடிகனமான வாணலியில் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவிட்டு, பாலைக் கலக்கி ஊற்றினேன். பத்து நிமிடத்தில் இறுகத் தொடங்கியது. தீயைக் குறைத்து, வெண்மை முழுக்க மறைந்து கண்ணாடியாகும் வரை விடாமல் கிண்டினேன். இன்னொரு அடுப்பில் சீனியில் மூன்று கரண்டியைத் தண்ணீர் இல்லாமல் உருக்கி, தேன் நிறம் வந்ததும் கொஞ்சம் வெந்நீர் விட்டேன். பொங்கும், முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். மீதிச் சீனி கஞ்சிக்குள். முக்கால் கிலோ எனக்கு அதிகமாகப் பட்டதால் மொத்தம் அறுநூறு கிராம்தான் எடுத்திருந்தேன். சீனி போட்டதும் இளகும். பயப்பட வேண்டாம், திரும்ப இறுகும். பிறகு அந்தப் பாகு. பிறகு நெய், ஒரு நேரத்தில் இரண்டு கரண்டி. அது உள்ளே போன பிறகுதான் அடுத்தது.

சீனி போட்டதிலிருந்து ஐம்பது நிமிடம். ஒருவர் கையால் முடியாது. நானும் அம்மாவும் மாற்றி மாற்றித் துடுப்புப் பிடித்தோம். "கைய நிறுத்திராத, அடி பிடிச்சிரும்" என்று சொல்லிக்கொண்டே அவள் கடைசி வாரத்தை முழுக்கச் சொன்னாள். அவன் எழும்பூரில் ரயில் ஏறுகிறான், விடிகாலையில் ஊரில் இறங்குகிறான், வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருக்கிறாள், கடைசிக் காட்சி மறுவீடு, சொதி. நான் பெரியம்மாவுக்கு ஃபோன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பெரியம்மா ஒரே போடாக, "சொதியாவது ஒண்ணாவது. அவ ஸ்டேஷன்லயே நிக்கா, அவன் கைப்பெட்டிய வாங்கிக்கிடுதா, முற்றும். மறுவீட்டுல சொதிக்கு எலுமிச்சை போதாதுன்னு சொன்னது உங்க பெரியப்பா" என்றாள்.

அம்மா துடுப்பை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

அதற்குள் வாணலியின் ஓரத்தில் நெய் பிரிந்து வரத் தொடங்கியது. ஒரு துளி எடுத்து உருட்டினால் கையில் ஒட்டாமல் உருண்டது. அதுதான் பதம், இன்னும் ஐந்து நிமிடம் விட்டிருந்தால் மிட்டாயாகியிருக்கும். முந்நூறு கிராம் நெய் போயிருந்தது, அறுபது கிராம் போலத் திரும்ப வந்ததை வடித்து எடுத்தோம். ஆக, அந்தக் குறிப்பில் நெய்க்குப் பக்கத்தில் நான் எழுதப்போவது: கால் கிலோ. கேன் தண்ணீரில் செய்தது. தாமிரபரணித் தண்ணீரில்தான் அல்வா வரும் என்று அம்மா இன்றும் சொல்கிறாள். ருசியில் ஒரு படி குறைவு என்பதை ஒப்புக்கொள்கிறேன், பதத்தில் இல்லை.

அட்டை வேலையில் ஒரு தவறு நடந்தது. இரண்டு மில்லிமீட்டர் மில்போர்டு அட்டையில் வெளிப்பக்கம் மட்டும் காலிகோத் துணி ஒட்டி, ஃபேனுக்கு அடியில் ஓர் இரவு விட்டேன். காலையில் அப்பளம் மாதிரி வளைந்து நின்றது. ஈரத்தில் விரிந்த துணி காய்ந்து சுருங்கும்போது அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. உள்பக்கமும் தாள் ஒட்டினால்தான் இரண்டு இழுப்பும் சமமாகும். தாளின் நார் ஓட்டம் புத்தக முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதையும் அப்போதுதான் கற்றேன். உள்தாள் ஒட்டி, இரண்டு பலகைகளுக்கு நடுவே வைத்து, மேலே அம்மிக்கல்லை ஏற்றி இரண்டு நாள் விட்டேன். நிமிர்ந்துவிட்டது. மாவுப் பசைக்கு ராமபாணம் மறுபடி வரும். அலமாரியில் துணி முடிச்சில் வசம்பு வைத்திருக்கிறேன், மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டிப் பார்ப்பதாக முடிவு.

தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூர்க்காரர் ஒருவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994இல் தொடங்கியது. பழைய வார இதழ்கள் நிறைய உண்டு. போய் அந்த 32ஆம் வாரத்தைத் தேடிப் பார்க்கட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன்.

"வேண்டாம்ட்டி. நான் நினைச்சது தப்புன்னு ஆயிட்டா?"

தைக்கும்போதே கடைசியில் நான்கு வெற்றுத் தாள்களைச் சேர்த்திருந்தேன், ஓர் அழகுக்காக. அதில் எழுதுகிறேன் என்றாள். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, இங்க் பேனா வாங்கி வரச் சொல்லி, மத்தியானம் பாத்திரம் கழுவிய பிறகு உட்கார்கிறாள். யாரும் பக்கத்தில் போகக் கூடாது. நேற்றுவரை ஒன்றரைப் பக்கம் ஆகியிருக்கிறது. கதாநாயகன் ரயில் இன்னும் மணியாச்சி தாண்டவில்லை.